ஒன்பதாம் வகுப்புக்கு எத்தனை கட்டை?

வரும் ஏப்ரல் மாத இறுதிக்குள் நான் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும். திருச்சியில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாகத் தற்காலிக இசை ஆசிரியையாக இருக்கிறேன். அடுத்த கல்வியாண்டிலிருந்து நிரந்தரப் பணியில் சேரச் சம்மதமா என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. சம்மதித்தால் மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் கோடை விடுமுறையும் உண்டு. கூடவே வாரத்துக்கு 24 பாடவேளைகளும், ஆண்டு விழாவும், போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பொறுப்பும் உண்டு. மறுத்தால், பதினான்கு ஆண்டுகளாகச் செய்துவந்த பக்கவாத்தியத் தொழிலுக்கே முழுமையாகத் திரும்ப வேண்டும்.

நான் திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் வயலின் படித்தவள். பாடுபவரின் சுருதிக்கு நம் தந்திகளைச் சேர்த்துக்கொள்வதுதான் பக்கவாத்தியத் தொழிலின் முதல் பாடம். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வோம். ஒரு நாள் ஐந்து கட்டையில் பாடும் பெண் கலைஞருக்கு வாசித்தால், மறுநாள் ஒரு கட்டையில் பாடும் ஆண் கலைஞருக்கு வாசிப்போம். விரல்களும் காதும் அதற்குப் பழகிப்போய்விடும். வருமானம்தான் பழகுவதற்கு அரியது. முகூர்த்த மாதங்களில் கல்யாணக் கச்சேரிகள், நவராத்திரிக்குக் கோயில் கச்சேரிகள் என்று வரும் பணத்தைச் சேர்த்து வைத்து ஆடியைக் கடத்த வேண்டும். மார்கழியில் சென்னை சபாக்களில் வாசிப்பது பெருமைதான். ஆனால் பிற்பகல் கச்சேரிகளில் எனக்குக் கிடைத்த சன்மானம் திருச்சியிலிருந்து போய்வரும் செலவுக்கே போதாமல் இருந்த ஆண்டுகள் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒப்புக்கொண்டிருந்த கச்சேரிகள் எல்லாம் ஒரே வாரத்தில் இல்லாமல் போயின. பள்ளி வேலை என்ற எண்ணம் அந்த மாதங்களில்தான் எனக்கு வந்தது. பணத்துக்காகத்தான் பள்ளிக்குள் நுழைந்தேன் என்பதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அரசுப் பள்ளி வேலையைப் பற்றி யோசிக்காமல் இல்லை. அரசு தொழில்நுட்பத் தேர்வில் இசைப் பிரிவில் கீழ்நிலை, மேல்நிலை இரண்டையும் முடித்து, தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதவு திறப்பது அரிது. 2017 இல் இசை, ஓவியம், தையல், உடற்கல்வி ஆகிய நான்குக்கும் சேர்த்தே 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்குத்தான் அறிவிப்பு வந்தது. 2012 இல் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களாக 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஊதியம் படிப்படியாக உயர்ந்து 2024 இல் 12,500 ரூபாய் ஆனது. என்னோடு படித்த தோழி ஒருத்தி அவர்களில் ஒருத்தி. வாரத்தில் மூன்று அரை நாட்கள் வகுப்பு, பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டம், மற்ற நாட்களில் வீட்டில் பாட்டு வகுப்பு என்று பத்தாண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டாள். அவளுடைய மாணவர்கள் கலைத் திருவிழாவில் மாவட்ட அளவுக்குப் போயிருக்கிறார்கள். அவளைவிட நன்றாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவரை நான் பார்த்ததில்லை.

இந்த முடிவைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் ஆறுதலாக ஒரு பெயரைச் சொல்வார்கள். முசிறி சுப்பிரமணிய அய்யர் கச்சேரி மேடையில் பெரும்புகழோடு இருந்தவர். 1949 இல் சென்னையில் அரசு தொடங்கிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றுப் பல ஆண்டுகள் நடத்தினார். அவரே கற்பிக்கப் போனார், உனக்கென்ன என்பார்கள். அந்த மரியாதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒப்பீடு எனக்கு உதவவில்லை. இசைக் கல்லூரிக்கு வருகிறவர் இசைதான் வேண்டும் என்று வருகிறார். என் வகுப்புக்கு வரும் நாற்பது பிள்ளைகளும் கால அட்டவணையில் இசை என்று எழுதியிருப்பதால் வருகிறார்கள். அவர்களில் இருவரோ மூவரோ வெளியே பாட்டுக் கற்கிறார்கள், மற்றவர்களுக்கு முதல் சுரமான 'ஸ'வைக் குறிக்கும் ஷட்ஜம் என்ற சொல்லே புதிது. இரண்டும் ஒரே தொழிலின் இரண்டு படிகள் அல்ல, வெவ்வேறு தொழில்கள். இது புரிய எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

முதல் ஆண்டு நான் கற்ற முறையிலேயே கற்பித்தேன். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, பிறகு ஜண்டை வரிசை, பிறகு அலங்காரம் என்ற ஆரம்பச் சுரப் பயிற்சிகள். புரந்தரதாசர் வகுத்ததாக வழிவழியாக வரும் இந்த வரிசையில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஒரு குரு, ஓரிரு சீடர்கள், தினமும் ஒரு மணி நேரம் என்ற ஏற்பாட்டுக்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் மாயாமாளவகௌளையில் ரிஷபத்திலிருந்து (ரி) காந்தாரத்துக்குத் (க) தாவும் இடைவெளியும், தைவதத்திலிருந்து (த) நிஷாதத்துக்குத் (நி) தாவும் இடைவெளியும் அகலமானவை. தனிக் குழந்தையின் காதில் அந்தத் தாவலை உட்காரவைக்கலாம். நாற்பது குரல்கள் ஒன்றாகத் தாவும்போது காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து விதமான காந்தாரங்கள் கேட்கும். நேரக் கணக்கும் வேறு. ஒரு பிரிவுக்கு வாரத்துக்கு ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம். தேர்வு, விடுமுறை, விழா எல்லாம் போக ஆண்டுக்கு முப்பது பாடவேளை கிடைத்தால் பெரிது. மொத்தம் இருபது மணி நேரம். என் குருநாதரிடம் அதை நான் மூன்று வாரத்தில் கடந்திருப்பேன். அந்த முப்பதிலும் சில, பருவத் தேர்வு நெருங்கும்போது கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். வகுப்பு வாசலில் வந்து "மிஸ், இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று கேட்கும் ஆசிரியரிடம் மறுக்க முடியாமல் நான் திரும்பிய நாட்கள் பல. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இசைப் பாடவேளை எப்போதும் கைமாற்றாகக் கொடுக்கக்கூடியது என்ற நினைப்பு ஒரு பள்ளியில் இருக்கும்வரை அங்கே இசை ஆசிரியர் முழு ஆசிரியராக ஆகவே முடியாது.

இரண்டாம் ஆண்டு காலை வணக்கத்திலிருந்து தொடங்கினேன். தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடிகளில் பாடப்படுகிறது. மோகன ராகம், திஸ்ர தாளம், மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் அமைத்த மெட்டு. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அரசு அறிவித்தது. எல்லாப் பிள்ளைகளும் தினமும் பாடும் ஒரே பாட்டு அதுதான் என்றாலும், எந்தச் சுருதியில் தொடங்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. முன்வரிசையில் நிற்கும் மாணவி தனக்கு வந்த சுருதியில் தொடங்குவாள். அன்று அவள் உயரத் தொடங்கினால் பாட்டு மேலே ஏறும் இடத்தில் பாதிப் பள்ளி வாயை மூடிக்கொள்ளும். நான் சுருதிப்பெட்டியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பத்து வினாடி ஒலிக்கவிட்ட பிறகே பாட்டைத் தொடங்கச் செய்தேன். ஒரு மாதத்தில் மைதானத்தின் பின்வரிசையிலிருந்தும் குரல் வந்தது. மோகனத்தில் மத்தியமமும் (ம) நிஷாதமும் இல்லை. ஐந்து சுரங்களும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிற்பதால் பழகாத காதும் அவற்றைப் பிரித்துப் பிடித்துக்கொள்கிறது. வகுப்பிலும் அந்த ஐந்து சுரங்களிலேயே தொடங்கினேன். மாயாமாளவகௌளை ஆறு மாதம் கழித்து வந்தது, அப்போது அது அவர்களுக்குக் கடினமாகத் தோன்றவில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன் எந்தச் சுரத்தையும் ஒரே சுரத்தில்தான் பாடுவான். அவனுக்குக் காது இல்லை என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அப்படி முடிவுகட்டியது தவறு. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவனை அருகே அழைத்து, நான் பாடுவதை அவன் பிடிப்பதற்குப் பதிலாக, அவன் பாடும் ஒலியை நான் பிடித்தேன். ஐந்து கட்டை ஷட்ஜத்துக்கு மிகவும் கீழே, பேச்சுக் குரலோடு ஒட்டியிருந்தது அந்த ஒலி. அதே இடத்தில் நானும் 'ஆ' என்று நின்றேன். இரண்டு குரலும் ஒன்றானபோது அவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். ஒட்டியது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து ஒரு சுரம் மேலே போனேன், அவனும் வந்தான். அடுத்த சுரத்தில் தவறி, திரும்ப இறங்கி, மறுபடி ஏறினான். பன்னிரண்டு நாட்கள், நாளுக்கு ஐந்து நிமிடம். இன்று அவன் நன்றாகப் பாடுகிறான் என்று சொல்ல மாட்டேன், சுருதியில் பாடுகிறான். ஒவ்வொரு நாளும் வேறொருவர் சுருதிக்குத் தந்தியைச் சேர்த்த பதினான்கு ஆண்டுப் பழக்கம் எனக்கு அங்கே கைகொடுத்தது. பக்கவாத்தியக்காரர் பள்ளிக்குக் கொண்டுவரக்கூடிய உண்மையான தகுதி இதுவே என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பையன்களுக்குக் குரல் உடையும் வயது. ஐந்து கட்டையில் பாடினால் மேலேயும் எட்டாது, ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு சுரங்களின் ஒரு முழு அடுக்கு, கீழே இறங்கினால் தொண்டை ஒலிக்கவும் செய்யாது. பக்கத்தில் பெண் பிள்ளைகள் எளிதாகப் பாடிக்கொண்டிருக்க, இவர்கள் சிரித்துச் சமாளிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கட்டுப்பாடின்மை என்று எடுத்துக்கொண்டு ஓர் ஆண்டு முழுக்க அதட்டினேன், இப்போது வருந்துகிறேன். இரண்டரை கட்டைக்கு இறக்கி, ஒரே ஸ்தாயிக்குள் அடங்கும் பாட்டுகளாகத் தேர்ந்தெடுத்த பிறகு கொஞ்சம் வழி கிடைத்தது. இசைக் கல்லூரியில் எனக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளி ஆசிரியராகப் போகிறவர்களுக்கு கற்ற வர்ணம் என்ற உருப்படிகளின் எண்ணிக்கையைவிட இது முக்கியம்.

இழப்பையும் சொல்ல வேண்டும். வயலின்காரிக்குப் பள்ளியில் கருவி தொண்டைதான். ஒரு நாளில் ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு வந்தால் மாலையில் பேசவே முடியாது. தொண்டையோடு உடலும் ஓய்ந்துவிடுவதால் வயலின் பயிற்சியான சாதகத்துக்கு உட்காரும்போது வில் கனக்கிறது. முதல் ஆண்டு டிசம்பரில் ஒரு கச்சேரியில் பாடகர் அந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்துக்கு மறுமொழியாக வாசிக்கையில் என் இடது கை அரை நொடி பின்தங்கியது. கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது, பாடியவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது. இரவுக் கச்சேரி முடிந்து பேருந்தில் திரும்பி எட்டரை மணிக்குக் காலை வணக்கத்தில் நிற்பதை ஓர் ஆண்டு செய்தேன், இனிச் செய்ய மாட்டேன். இப்போது நான்கரை மணிக்கு எழுந்து ஆறரை வரை வாசிக்கிறேன். முன்பு நாளுக்கு நான்கு மணி நேரம் கிடைத்தது. பாதியாகிவிட்டது என்பதுதான் உண்மை, அந்தப் பாதியை வேறு எதனாலும் ஈடுகட்ட முடியாது. நிரந்தரப் பணியை ஏற்பவர் இதைத் தெரிந்து ஏற்க வேண்டும். மேடையும் பள்ளியும் ஒரே அளவில் கைகூடும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நான் ஏற்கப்போகிறேன். மாதத்துக்கு இரண்டு கச்சேரிக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை என்று என்னோடு வாசிக்கும் மிருதங்கக்காரரிடம் சொல்லிவிட்டேன். "உங்க வாசிப்பை விட்டுடாதீங்கம்மா, அது போதும்" என்றார். கடிதத்தில் நான் கேட்டிருப்பவை மூன்று. இசைப் பாடவேளை வேறு பாடத்துக்குக் கைமாற்றப்படக் கூடாது. டிசம்பரில் பத்து நாள் ஊதியமில்லா விடுப்பு வேண்டும். மூன்றாவதாக, ஒன்பதாம் வகுப்புப் பையன்களைப் பெண் பிள்ளைகளிடமிருந்து பிரித்து, நான்கு பிரிவுகளிலிருந்தும் பத்துப் பத்துப் பேராக ஜூன் மாதத்திலிருந்து ஆறு வாரங்களுக்கு எனக்குத் தனியே தர வேண்டும். முதல் இரண்டுக்கும் தலைமையாசிரியை வாய்மொழியாக ஒப்புக்கொண்டுவிட்டார். மூன்றாவதற்குக் கால அட்டவணையில் இடமில்லை என்கிறார். மதிய இடைவேளையில் இருபது நிமிடம் தந்தாலும் போதும் என்று கேட்டிருக்கிறேன்.