மறுபடியும் ஜிஆர்இ

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிஆர்இ-யை மறுபடியும் எழுதப் போகிறேன். டிசம்பர் 15-க்குள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போயாக வேண்டும். ஒரு தடவை எழுதினால் அடுத்ததற்கு 21 நாள் இடைவெளி விட வேண்டும், மதிப்பெண் வர 8 முதல் 10 நாள். கூட்டிக் கழித்தால் நவம்பர் கடைசிக்குள் எழுதிவிட வேண்டும்.

தேர்வில் கணக்கு எப்படியோ ஓடிவிடும். ஆங்கிலச் சொல்லையும் வாசிப்பையும் சோதிக்கும் வெர்பல்தான் படுத்துகிறது. மூன்று கோடிட்ட இடங்களில் இரண்டு சரி, ஒன்று தப்பு என்றால் பாதி மதிப்பெண்கூடக் கிடையாது! முதல் பகுதியை நன்றாகச் செய்தால் இரண்டாவது இன்னும் கடினமாக வரும். "நல்லா எழுதினதுக்குத் தண்டனையா?" என்கிறாள் தங்கை. அஞ்சறைப்பெட்டி மூடியில்கூடச் சொற்சீட்டு ஒட்டியிருக்கிறேன். மஞ்சள் கறையோடு அதுவும் மனப்பாடமாகிறது.

பழைய மதிப்பெண்ணை அனுப்ப வேண்டாம், எதை அனுப்புவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அதுவரைக்கும் நிம்மதி. கல்யாணப் பத்திரிகையோடு வருகிறவர்கள் டிசம்பரில் வரவும்.