நொண்டும் கோழியும் செய்முறைத் தேர்வும்: கால்நடை மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு

கோழி என்றதும் நாம் எல்லோரும் ராணிக்கெட், கம்போரோ, காக்சிடியோசிஸ் என்று மந்தை நோய்களைத்தான் உருப்போடுகிறோம். பாடமும் அப்படித்தான் இருக்கிறது. பல ஆயிரம் கோழி இருக்கிற பண்ணையில் ஒன்று நொண்டினால் வைத்தியம் கட்டுப்படியாகாது, கழித்துவிடுவார்கள். வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ மொட்டை மாடியில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிற வீட்டில் கதையே வேறு. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கும். "தம்பி, நொண்டிக்கினு கீது, இன்னான்னு கொஞ்சம் பாரேன்" என்று துண்டில் சுற்றிக் கொண்டுவந்து நிற்கிற அக்காவிடம் மந்தை நோய்ப் பட்டியலை ஒப்பிக்க முடியாது.

கோழியின் பாதத்திலும் விரலிலும் வருகிற காயங்களை நான் படித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கும் தெருவுக்கும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. பாதத்தைப் பார்த்ததும் மருந்துப் பெயரைத் தேடாதீர்கள். இந்தப் பாதம் நாளெல்லாம் எதன்மேல் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். மேசைக்கு எதிரே இருக்கிற பேராசிரியர் எதிர்பார்க்கிற பதிலும் அங்கேதான் தொடங்குகிறது.

உடற்கூறியலைப் புத்தகத்தில் மட்டும் படிக்காமல் உயிருள்ள கோழியின் காலைப் பிடித்துக்கொண்டே படியுங்கள். பின்விரல் முதலாவது, அதில் 2 எலும்பு. உள்பக்க விரலில் 3, நடுவிரலில் 4, வெளிவிரலில் 5. விரலின் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் எலும்பு எண்ணிக்கை வந்துவிடும். எக்ஸ்ரேயில் வெளிவிரலின் மூட்டை முறிவு என்று வாசித்துவிடாமல் இருக்க இந்தக் கணக்கு போதும். அப்புறம் கணு மூட்டை மெதுவாக மடக்கிப் பாருங்கள், விரல்கள் தானாகச் சுருண்டுகொள்ளும். மூட்டுக்குப் பின்னால் ஓடுகிற தசைநாண்கள் இழுக்கிற வேலை அது. கோழி தூங்கும்போது கொம்பிலிருந்து விழாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். தசைநாணில் ஆழமாக வெட்டுப்பட்டால் விரல் ஏன் மடங்காமல் விறைத்து நிற்கிறது என்பதும் இதைப் பார்த்தால் புரியும்.

பிடிக்கிற முறையில் பலர் கோட்டைவிடுகிறார்கள். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது; மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் மார்பை அழுத்திப் பிடித்தால் காலைப் பார்த்து முடிப்பதற்குள் பறவை மூச்சுமுட்டிச் செத்துப்போகலாம். துண்டால் இறக்கையை மட்டும் அணைத்து, மார்பு அசைய இடம்விட்டு, தலையை லேசாக மூடிவிடுங்கள். இருட்டானதும் அமைதியாகிவிடும். சூடு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பாதத்தையும் மாறி மாறித் தொடுங்கள். கோழியின் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்பதால் ஒரு பாதத்தை மட்டும் தொட்டுச் சொல்ல முடியாது.

நொண்டல் எல்லாம் பாதத்துக் கோளாறு இல்லை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக் கிடந்தால் நரம்பைத் தாக்குகிற மேரெக்ஸ் என்ற வைரஸ் நோய் நினைவுக்கு வர வேண்டும். பிறந்து சில வாரமே ஆன குஞ்சு விரலை உள்பக்கம் சுருட்டிக்கொண்டு கணுவால் நடந்தால் ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) குறைபாடு. இரண்டு நோயிலும் இடுப்பு நரம்பு தடித்திருக்கும் என்பதால் வைவாவில் இதைத் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். பொருக்கு எதுவும் இல்லாமல் பல கோழிகளுக்குக் கணுவும் பாதமும் வீங்கியிருந்தால் மைக்கோபிளாஸ்மா சைனோவியே என்ற பாக்டீரியாவைச் சொல்லுங்கள். இவற்றைக் கழித்த பிறகுதான் காயத்துக்கு வர வேண்டும்.

வடசென்னையில் நான் அதிகம் பார்த்தது நூல் காயம். காசிமேட்டுப் பக்கம் வலை பின்னுகிற நைலான் நூல், தடை இருந்தும் மாடிகளில் அறுந்து கிடக்கிற மாஞ்சா, சீவிப்போட்ட தலைமுடி, இவை விரலில் சுற்றி இறுகிவிடும். கோழி நடக்க நடக்க இன்னும் இறுகும். நூலுக்கு அந்தப்பக்கம் வீங்கும், சில நாளில் கறுக்கும். வெதுவெதுப்பான நீரில் பாதத்தை ஊறவைத்து, நல்ல வெளிச்சத்தில், முனை மழுங்கிய சின்னக் கத்தரியை நூலுக்கு அடியில் நுழைத்து வெட்ட வேண்டும். ஓரிடத்தில் வெட்டியதும் நின்றுவிடாதீர்கள். தோல் நூலை மூடி வளர்ந்திருக்கும், அடியில் இன்னொரு சுற்று ஒளிந்திருக்கும். பள்ளம் முழுக்கத் துடைத்துப் பார்த்துவிடுங்கள். நுனி குளிர்ந்து, கறுத்து, காய்ந்துபோயிருந்தால் அது திரும்பாது. மருத்துவமனையில் முறைப்படி அகற்றத்தான் வேண்டும். முன்விரலில் ஒரு துண்டு போனாலும் கோழி நன்றாக நடக்கும், பின்விரல் போனால் கொம்பைப் பற்றச் சிரமப்படும். இதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் பயப்படுவது நியாயமானதுதான்.

நகம் பிய்ந்து ரத்தம் வந்தால் முதல் வேலை, மற்ற கோழிகளிடமிருந்து பிரித்துப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பது. சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்த ஆரம்பித்துவிடும். பிறகு சுத்தமான துணியால் சில நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். சோளமாவு தொட்டு அழுத்தினால் நகத்து ரத்தம் சீக்கிரம் நிற்கும். ரத்த அளவு கேள்வியும் இங்கே வரும்: ஆரோக்கியமான பறவை உடல் எடையில் 1 சதவீதம் வரை இழப்பைத் தாங்கும். ஒன்றரைக் கிலோ கோழிக்கு அது 15 மில்லிதான். காயத்தைக் கழுவ லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்ட, கொதித்து ஆறிய நீர் போதும். போவிடோன் அயோடினை லேசான டீ நிறத்துக்கு நீர்க்கச் செய்து ஊற்றலாம். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றினால் ஆறுகிற திசுவும் சேர்ந்து போய்விடும். மரத்துப்போகச் செய்கிற லிக்னோகெயின் களிம்பை எடை பார்க்காமல் தடவக் கூடாது, பறவைக்கு எளிதில் நஞ்சாகும்.

இனி பம்பிள்ஃபுட். பாதத்தின் நடு மெத்தையில் வீக்கம், அதன்மேல் வட்டமாக ஒரு கறுப்புப் பொருக்கு. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி. பிதுக்கினால் சீழ் வராது, ஏனென்றால் கோழியின் ஹெட்டரோஃபில் என்ற வெள்ளை அணுக்களில் மைலோபெராக்சிடேஸ் என்சைம் கிடையாது. அதனால் சீழ் இளகாமல் மஞ்சள் கட்டியாக இறுகிவிடும். பிதுக்குவதால் தொற்று இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துக் குணமாக்குவதும் கடினம். இந்த ஒரு சங்கிலியை முழுமையாகச் சொல்லத் தெரிந்தால் தேர்வில் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஆரம்ப நிலையில், தோல் சிவந்து தேய்ந்திருக்கும்போதே, தரையை மெத்தென்று மாற்றிக் கட்டுப் போட்டாலே பெரும்பாலும் அடங்கும். கட்டி உருவாகிவிட்டால் மயக்கமருந்து கொடுத்து அறுத்து எடுக்க வேண்டியதுதான். சமையலறை மேசையில் பிளேடால் செய்வதை நான் எப்போதும் தடுக்கிறேன். கோழி வலியைக் காட்டாமல் அசையாமல் கிடக்கும், அதனால் வலி இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். கட்டுப் போடும்போது துணியைச் சும்மாடு போல வளைத்துக் காயத்தைச் சுற்றி வையுங்கள். உடல் எடை காயத்தின்மேல் இறங்காது. ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றி, விரல் நுனி வீங்குகிறதா என்று பாருங்கள். கையுறை அவசியம், இதே கிருமி நமக்கும் புண் வைக்கும்.

அடுத்து, ஏன் வந்தது என்ற கேள்வி. வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தளம். தண்ணீர்த் தொட்டி உயரத்திலிருந்து தினமும் குதிப்பது. மீந்த சோற்றால் ஏறிய எடை. தீவனத்தில் வைட்டமின் ஏ குறைவு. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த உமி, அதிலிருந்து கிளம்பும் அமோனியா. சொரசொரப்பான கம்பிவலை. கூர்விளிம்பு இல்லாத, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலக் கட்டையை ஒன்றரை இரண்டு அடி உயரத்தில் வைத்து, கீழே காய்ந்த உமியோ மணலோ போடச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் அறுத்துவிட்டால் அதே கோழி அதே பாதத்தோடு திரும்பி வரும்.

விரல் முறிவு எளிது. காலின் அளவுக்கு அட்டை வெட்டி, விரல்களை விரித்து, டேப்பால் ஒட்டினால் மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் சேர்ந்துவிடும். செதில் தூக்கிக்கொண்டு கால் தடித்திருந்தால் அது காயமே இல்லை, நீமிடோகாப்டிஸ் மியூட்டன்ஸ் என்ற சிற்றுண்ணி. வாசலின் தடவினால் மூச்சடைத்துச் சாகும். மண்ணெண்ணெய் தடவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, தோல் வெந்துவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வலிமருந்து என்றால் மெலாக்சிகாம் சொல்லுங்கள், கூடவே டைக்ளோஃபெனாக் கதையும் தெரிந்திருக்க வேண்டும். மாட்டுக்குப் போட்ட அந்த மருந்து பிணம் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததால், 2006இல் இந்தியாவில் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது.

மருந்து கொடுத்த கோழி முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கும். எத்தனை நாள் அந்த முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத் தினமும் அந்த முட்டையைத்தான் அவித்துக் கொடுக்கிறார்கள்.