திண்டுக்கல் பூட்டுக்கு ஒரு பிளிஸ்டர் அட்டை

சூப்பர் மார்க்கெட்டில் கம்பியில் வரிசையாகத் தொங்கும் டூத் பிரஷ், பேட்டரி, பீலர் எல்லாம் பெரும்பாலும் பிளிஸ்டர் பேக்கிங்கில் வருபவைதான். அச்சடித்த ஒரு அட்டை, அதன்மேல் பொருளின் வடிவத்துக்கு எழும்பி நிற்கும் பிளாஸ்டிக் குமிழ். எடை குறைந்த பொருளுக்கு இதை வடிவமைப்பது பெரிய வேலை இல்லை. 260 கிராம் பித்தளைப் பூட்டுக்குச் செய்ய உட்கார்ந்தபோதுதான் இதில் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்று புரிந்தது. சின்னதாகப் பட்டறை வைத்து, பொருளைக் கடைக் கம்பியில் தொங்கவிட நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் என் சித்தப்பாவுக்குப் பூட்டுப் பட்டறை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பட்டறையிலிருந்து பூட்டு வெளியே போவது இன்னும் செய்தித்தாளில் சுற்றி, டஜன் கணக்கில் பெட்டியில் அடுக்கி, ஹார்டுவேர் கடைக்குத்தான். மதுரையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். மூன்று நிபந்தனை போட்டார்கள்: கம்பியில் தொங்க வேண்டும், பார்கோடு வேண்டும், சாவி தனியாகக் காணாமல் போகக்கூடாது. பேக்கிங் வடிவமைப்புதான் என் தொழில் என்பதால் வேலை என்னிடம் வந்தது.

சித்தப்பா முதலில் கேட்ட கேள்வி இது: "ஏம்மா, பூட்டு வாங்குறவன் ஒரு தடவையாவது பூட்டித் திறந்து பார்க்காம வாங்குவானா? நீ அதைப் பிளாஸ்டிக்குக்குள்ள அடைக்கப் போறேங்கிற." நியாயமான கேள்வி. கையால் ராவிச் சேர்த்த லீவர் பூட்டின் (உள்ளே இருக்கும் லீவர் தகடுகளைச் சாவி தூக்கித் திறக்கும் பூட்டு) அருமை சாவி திரும்பும்போது கைக்குத் தெரியும் அந்த இறுக்கத்தில் இருக்கிறது. எவ்வளவு நல்ல படம் அச்சடித்தாலும் அதைக் காட்ட முடியாது. அதனால் அட்டையை வரைவதற்கு முன்னாலேயே ஒன்றை முடிவு செய்தோம்: ஒவ்வொரு கடைக்கும் ஒரு மாதிரிப் பூட்டை, சாவியோடு சங்கிலியில் கோத்துக் கம்பிக்குப் பக்கத்தில் மாட்டக் கொடுப்பது. கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் சித்தப்பா பூட்டை என் கையில் கொடுத்தார்.

பிளிஸ்டரில் பல வகை இருக்கிறது. அதிகம் புழங்குவது ஒற்றை அட்டை. அச்சடித்த பக்கத்தில் பிளிஸ்டர் கோட்டிங் (சூட்டில் உருகி ஒட்டும் பூச்சு) போட்டு, குமிழின் விளிம்பைச் சூட்டில் அதன்மேல் ஒட்டிவிடுவார்கள். இதில் பொருளின் முழு எடையையும் தாங்குவது அந்த ஐந்தாறு மில்லிமீட்டர் விளிம்புதான். பேக் கீழே விழுந்தால் பசை விடாவிட்டாலும் அட்டையின் மேல் அடுக்கு பிய்ந்து குமிழோடு வந்துவிடும். பூட்டுக்கு இது சரிப்படாது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்காக மூடும் சிப்பி பேக் வலுவானது. ஆனால் அவ்வளவு பிளாஸ்டிக்கைப் பயன்படுத்த எனக்கு மனமில்லை, பிரிக்கவும் கத்தரிக்கோல் வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது மடிப்பு அட்டை. ஒரே நீள அட்டையை நடுவில் மடித்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வந்துவிடும். முன்பக்கத்தில் ஜன்னல் வெட்டி, குமிழை உள்ளிருந்து அதில் நுழைத்தால் அதன் விளிம்பு இரண்டு அட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். சூடு கொடுத்து ஒட்டுவது அட்டையோடு அட்டையை. பூட்டின் எடையைப் பசை தாங்க வேண்டியதில்லை, ஜன்னலின் ஓரம் தாங்கிக்கொள்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. சாதாரண பிளிஸ்டர் கோட்டிங்கில் பிவிசி சுலபமாக ஒட்டும், பெட் பிளாஸ்டிக் (தண்ணீர் பாட்டில் செய்வது) அவ்வளவு லேசில் ஒட்டாது. இங்கே குமிழ் எதிலும் ஒட்ட வேண்டியதே இல்லை என்பதால் தைரியமாக பெட் தகட்டை எடுத்தோம். வாங்கியவர் பிரித்ததும் அட்டை தனி, பிளாஸ்டிக் தனி.

அடுத்தது அட்டைத் தேர்வு. விலை பார்த்தால் கிரே பேக் டூப்ளெக்ஸ்தான் (முன்பக்கம் வெள்ளை, முதுகு சாம்பல் நிறம்) கைக்கு வரும். மடிப்பு அட்டையில் ஒட்டுவது உள்பக்கம், அதாவது அச்சடிக்காத முதுகுப் பக்கம். கிரே பேக்கின் முதுகு கழிவுக் காகிதக் கூழ். சொரசொரப்பு, கோட்டிங்கை உறிஞ்சிவிடும், அடுக்கும் சீக்கிரம் பிரியும். அதனால் 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 350 கிராம்) எஃப்பிபி (FBB) எனும் மடிப்புப் பெட்டி அட்டைக்குப் போனோம். திண்டுக்கல்காரர்களுக்கு இது தூரத்துச் சரக்கு இல்லை. மணப்பாறைப் பக்கம் மொண்டிப்பட்டியில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) அட்டை ஆலை 2016-இலிருந்து ஓடுகிறது.

அட்டைக்கு கிரெய்ன் உண்டு, அதாவது நார் ஓடும் திசை. பேக்கிங்கில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான், எனக்கோ இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. அட்டை நார் ஓடும் திசையில் சுலபமாகக் கிழியும், குறுக்கே லேசில் கிழியாது. கம்பியில் தொங்கும்போது பூட்டின் எடை தொங்கு துளையை மேல்நோக்கிக் கிழிக்கப் பார்க்கும். நார் கிடைமட்டமாக ஓடினால் அந்தக் கிழிசல் நாருக்குக் குறுக்கே போக வேண்டும், போகாது. மடிப்பை அட்டையின் உச்சியில் வைத்தேன். நார் மடிப்புக்கு இணையாக ஓடுவதால் மடிப்பும் வெடிக்காமல் சுத்தமாக விழுந்தது. ஈரக் காற்றில் அட்டை வளையும் தொல்லையும் குறைந்தது. இரண்டு அட்டையும் முதுகோடு முதுகு ஒட்டியிருப்பதால் ஒன்று வளையப் பார்த்தால் மற்றது எதிர்ப்பக்கம் இழுத்துச் சரிக்கட்டிவிடுகிறது.

சிவகாசியில் அச்சகச் சூப்பர்வைசர் லேஅவுட்டைப் பார்த்ததும் சொன்னார்: "கிரெய்னைத் திருப்பிப் போட்டா ஒரு ஷீட்டுக்கு ரெண்டு கார்டு கூட நிக்கும் மேடம்." அவர் சொன்ன கணக்கு சரிதான். நான் ஒரே அட்டையில் இரண்டு திசையிலும் வெட்டிய வெள்ளை டம்மிகளில் பூட்டை வைத்து ஸ்டேப்ளர் அடித்து, அவர் மேஜை ஓரத்தில் இருந்த ஆணியில் மாட்டிக் கீழே இழுக்கச் சொன்னேன். ஒன்று துளையிலிருந்து உச்சிவரை நேர்கோட்டில் கிழிந்து வந்தது. இன்னொன்று நீண்டதே தவிர விடவில்லை. அவரே பேனாவை எடுத்து டை படத்தில் (அட்டையை வெட்டும் டையின் வரைபடம்) அம்புக்குறி போட்டு 'கிரெய்ன் மாற்றக் கூடாது' என்று எழுதினார். நீங்கள் அச்சுக்குக் கொடுக்கும் டை படத்திலும் அந்த அம்பு கட்டாயம் இருக்கட்டும். சொல்லாவிட்டால் அச்சகம் ஷீட்டை மிச்சப்படுத்தும் திசையில்தான் அடுக்கும். அது அவர்கள் தவறு இல்லை.

வெள்ளை டம்மியைத் தொங்கவிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. பூட்டு அட்டையைவிட்டு முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதால் எடையும் முன்னால் இருக்கிறது. அது துளைக்கு நேர் கீழே வர முயலும்போது அட்டையின் அடி பின்னால் போகிறது, முகம் தரையைப் பார்க்கிறது. கடையில் நடந்து போகிறவர் கண்ணுக்குப் பெயரே தெரியாது. பூட்டை அட்டையின் கீழ்ப்பாதிக்கு இறக்கியதும் சாய்வு வெகுவாகக் குறைந்தது. துளைக்கும் பூட்டுக்கும் இடையே தூரம் கூடக்கூடச் சாய்வு குறையும், அட்டைச் செலவு கூடும். அந்த மேல்பாதி இடம் பெயருக்கும் லீவர் எண்ணிக்கைக்கும் பயன்பட்டது. கலர், எழுத்து எல்லாவற்றையும் அதற்கப்புறம்தான் தொட்டேன். எடையும் துளையும் ஜன்னலும் இடம் பிடித்த பிறகு மிஞ்சுவதுதான் ஆர்ட்வொர்க்குக்கான இடம். தலைகீழாக ஆரம்பித்தால் அழகான படம் ஒன்று கிடைக்கும், பேக் கிடைக்காது.

சாவியை எங்கே வைப்பது என்பதில்தான் நாங்கள் அதிகம் பேசினோம். முதல் வரைபடத்தில் சாவிக்கென்று தனிக் குழி, பூட்டுக்குப் பக்கத்தில் அழகாகத் தெரியும்படி இருந்தது. பட்டறையில் முப்பது வருடமாகச் சாவி ராவும் அண்ணன் ஒருவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாவிப் பல்லு தெரியுதே... ஒரு போட்டோ போதும்" என்றார். கையில் போன் இருக்கும் எவனும் கடையிலேயே சாவியின் வெட்டைப் படமெடுத்துப் போகலாம். பூட்டைப் பேக் செய்கிறவர் எவரும் யோசிக்க வேண்டிய விஷயம். இப்போது சாவிகள் பழுப்புக் காகித உறைக்குள் பூட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. சாவியின் தலைவளையம் மட்டும் உறைக்கு வெளியே ஜன்னல் வழியாகத் தெரியும். சாவி இருக்கிறது என்று வாங்குபவர் பார்க்கலாம், பல் தெரியாது. பித்தளையில் சாவி உரசிக் கீறல் விழுவதையும் அந்த உறை தடுக்கிறது.

குமிழ் வேலை வேகமாக முடிந்தது. 400 மைக்ரான் தகடு. பூட்டின் தடிமன் அளவுக்கு ஆழம் இழுக்கும்போது மூலைகளில் தகடு மெலிந்துவிடும் என்பதால் மூலைகளை நன்றாக உருட்டினோம். பக்கச் சுவர்களுக்குக் கொஞ்சம் சாய்வு கொடுத்தோம், இல்லாவிட்டால் வார்ப்பு அச்சிலிருந்து கழன்று வராது. ஜன்னல், விளிம்பு நீங்கலாகக் குமிழின் அடியைவிடச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் பெரிது.

சீலிங்தான் பொறுமையைக் கேட்டது. சூடு, நேரம், அழுத்தம் மூன்றும் ஒன்றோடொன்று கூடிப் போக வேண்டும். மடிப்பு அட்டையில் சூடு அட்டையின் தடிமனைத் தாண்டி உள்ளே இருக்கும் கோட்டிங்கைப் போய்ச் சேர வேண்டியிருப்பதால், நேரம் பிடிக்கும். அச்சடித்த வெளிப்பக்கம் சூடான தட்டைத் தொடுவதால் சூடு தாங்கும் வார்னிஷ் வேண்டும், இல்லையென்றால் மை தட்டில் ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டியது சரியா என்று பார்க்க எளிய வழி, நன்றாக ஆறிய பிறகு பிரித்துப் பார்ப்பது. ஒட்டிய இடம் முழுவதும் நார் நாராகக் கிழிந்து வந்தால் நல்ல சீல்.

அப்படிப் பிரித்த ஒரு அட்டையில் எல்லா இடமும் நார் கிழிந்திருக்க, ஓரத்தில் மட்டும் பெருவிரல் அளவுக்கு ஒரு பளபளப்பான பொட்டு. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ரேகையே தெரிந்தது. பூட்டுக்குப் போடும் எண்ணெய், பேக் செய்பவர் விரல் வழியாகக் கோட்டிங்கில் ஏறியிருக்கிறது. எண்ணெய் பட்ட இடம் எவ்வளவு சூடு கொடுத்தாலும் ஒட்டாது. சில பேக்குகளில் பூட்டுக்குப் பின்னால் அட்டை எண்ணெய் குடித்துக் கறுத்தும் இருந்தது. சித்தப்பாவே வழி சொன்னார். கடைக்குப் போகும் பூட்டுகளுக்கு எண்ணெய்க்குப் பதில் பென்சில் கரி, அதாவது கிராஃபைட் தூள். பூட்டைத் துடைத்து வைப்பவர் ஒருவர், அட்டையைத் தொடுபவர் வேறொருவர் என்று வேலையையும் பிரித்தோம். அதற்கப்புறம் பொட்டு வரவில்லை. பெட்டிகளைப் பஸ் பார்சலில் போட்டுத் திரும்ப வரவழைத்தும் பார்த்தோம், ஒரு குமிழும் வெளியே வரவில்லை.

சட்டப்படி அச்சிட வேண்டியவற்றைப் பின்பக்கத்தில் ஒரே கட்டமாக வைத்தேன். 2011-ஆம் ஆண்டின் பொட்டல விதிகள்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்கத் தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் வேண்டும். இவை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டும். கூடவே தமிழிலும் போடலாம், போட்டிருக்கிறோம். மாதமும் விலையும் அடிக்கடி மாறுபவை, அவற்றைப் பட்டறையிலேயே முத்திரை குத்துகிறோம். வார்னிஷ் மேல் முத்திரை மை காயாமல் தேய்ந்துபோகும் என்பதால், அந்தச் சின்னக் கட்டத்துக்கு மட்டும் வார்னிஷ் வேண்டாம் என்று அச்சுப் பிளேட்டிலேயே விட்டுவிட வேண்டும். பார்கோடு 890-இல் தொடங்கும் பதின்மூன்று இலக்கம். முழு அளவு 37.29 மி.மீ. அகலம், 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது, இரு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும். புவிசார் குறியீட்டு முத்திரையைப் போட வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்திருக்க வேண்டும். திண்டுக்கல்லில் செய்கிறோம் என்பது மட்டும் போதாது.

கடைசியாகச் சேர்த்தது பிரிக்கும் வழி. பூட்டு வாங்குபவர் பல நேரம் கடை ஷட்டர் முன்னாலோ புது வீட்டு வாசலிலோ நின்றுதான் பேக்கைப் பிரிப்பார், கையில் கத்தி இருக்காது. பின் அட்டையில், பூட்டுக்கு நேர் பின்னால், அரைவட்டமாகப் புள்ளி வெட்டு கொடுத்தோம். விரலால் அழுத்தினால் திறக்கும். சீல் பகுதியைத் தொடாமல், பார்கோட்டைக் கடக்காமல் அதை வைத்தோம். வெட்டு நீளமாகவும் இடைவெளி சின்னதாகவும் இருந்தால் கீழே விழும்போதே திறந்துகொள்கிறது. மேஜை உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் மூலை படப் போட்டுப் பார்த்துத்தான் இடைவெளியை முடிவு செய்தோம்.

இப்போது சின்ன அளவுப் பூட்டுக்கு வேலை நடக்கிறது. அதன் குமிழுக்கும் அடி அளவை அதே ஜன்னலுக்குப் பொருந்தும்படி வைத்துவிட்டோம். டை பழையதே போதும், குமிழ் அச்சும் பிளேட்டும் மட்டும் புதிது.