காபி இயந்திரம் ஏன் கத்துகிறது? கிச்சனரில் கற்ற பாடங்கள்

கனடாவுக்குக் குடிபெயரும் ஒருவருக்குக் குளிரைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் எச்சரிக்கை சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. வீட்டுக் கருவிகள் ஓயாமல் பீப் அடிக்கும் என்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஃபிரிட்ஜின் கதவு சற்றுத் திறந்திருந்தால் ஒலிக்கிறது, மைக்ரோவேவ் வேலையை முடித்தால் ஒலிக்கிறது, துணி உலர்த்தும் இயந்திரம் ஒலிக்கிறது, கூரையில் பொருத்திய புகை அலாரம் பேட்டரி தீரும்போது ஒலிக்கிறது. தஞ்சாவூர் வீட்டுச் சமையலறையில் நான் கேட்டு வளர்ந்த ஒலிகள் வேறு வகையானவை. குக்கர் விசில் அடிக்கிறது என்றால் உள்ளே சேர்ந்த நீராவியே வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது. அங்கே ஒலியும் நிகழ்வும் ஒன்றுதான். இங்குள்ள பீப்புக்குப் பின்னால் நீண்ட வழி இருக்கிறது: உள்ளே ஒரு சென்சார் எதையோ உணர்கிறது, ஒரு சிப் அதை வைத்து ஒரு முடிவுக்கு வருகிறது, அதன் பின்னரே மின்சாரம் பட்டால் அதிரும் பீசோ என்ற ஒரு சிறு தகடு ஒலிக்கிறது. ஆகவே ஒலியைக் கேட்டதும் என்ன நடந்தது என்று ஆராய்வதைவிட, அந்தச் சென்சார் எதை உணர்ந்திருக்கும் என்று ஆராய்வதே பயன் தருகிறது. ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்சனர் நகரில், எங்கள் வீட்டுச் சொட்டுக் காபி இயந்திரத்தோடு மல்லுக்கட்டித்தான் இதை நான் கற்றுக்கொண்டேன்.

இந்த வகை இயந்திரம் ஜெர்மனியில் 1954இல் விகோமாட் என்ற பெயரில் பிறந்தது. 1972இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த மிஸ்டர் காபி என்ற இயந்திரம் அதை வட அமெரிக்காவின் சமையலறைகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்று இங்கே புதிதாக வருபவருக்கு அலுவலக நண்பரோ முன்பு குடியிருந்தவரோ விட்டுச்செல்லும் பொருள்களில் இது தவறாமல் இடம்பெறும், ஆனால் அதன் கையேடு மட்டும் கூட வராது. ஊரிலிருந்தே ஒன்றைக் கொண்டுவரலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் மின்னழுத்தம் 230 வோல்ட், இங்கே 120. அங்கு 1,000 வாட் தரும் சூடேற்றி இங்கு அதில் கால் பங்கைச் சற்றே தாண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாகுமே தவிர மேலே ஏறாது.

எந்தக் கருவி ஒலிக்கிறது என்பதே முதல் கேள்வி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதுதான் உண்மையில் கடினமானது. பீசோ தகடுகள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான கூர்மையான ஒற்றை ஒலியையே எழுப்புகின்றன. அந்த அலைவரிசையில் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மனிதக் காது சரியாகக் கணிப்பதில்லை, சுவர்களில் பட்டு எதிரொலிக்கும் சிறிய அடுக்ககத்தில் குழப்பம் இன்னும் கூடுகிறது. விடியற்காலையில் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு பீப் கேட்டால் காபி இயந்திரத்தின்மீது சந்தேகப்பட வேண்டியதில்லை. அது அநேகமாகப் புகை அலாரத்தின் பேட்டரிதான். இரவின் குளிரில் பேட்டரியின் மின்னழுத்தம் தாழ்வதால் அந்த முறையீடு எப்போதும் நாம் தூங்கும் நேரத்திலேயே தொடங்கும். காபி இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பதைவிட நம்பகமான சோதனை வேறில்லை: ஒலி தொடர்ந்தால் குற்றவாளி வேறு கருவி.

இதில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்று உண்டு. மூன்று உரத்த பீப், ஓர் இடைவெளி, மீண்டும் மூன்று என்று வந்தால் அது புகைக்கான எச்சரிக்கை. நான்கு பீப், ஓர் இடைவெளி, மீண்டும் நான்கு என்று வந்தால் அது கார்பன் மோனாக்சைடுக்கானது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவை நம் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. எரிவாயுச் சூடேற்றி போன்ற எரிபொருள் கருவிகளோ இணைந்த கார் நிறுத்தமோ உள்ள வீடுகளில் அதற்கான அலாரம் இருக்க வேண்டும் என்று ஒன்டாரியோ 2014 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. நான்கு நான்காகக் கேட்டால் எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்றுவிட்டு அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும். காரணத்தை வெளியில் நின்று யோசித்துக்கொள்ளலாம்.

ஒலி காபி இயந்திரத்திலிருந்துதான் வருகிறது என்று உறுதியான பிறகு, எத்தனை முறை ஒலித்தது என்பதைக் காட்டிலும் எப்போது ஒலித்தது என்பதைக் கவனிப்பது நல்லது. எண்ணிக்கைக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான இலக்கணம் கிடையாது. ஒரு கருவியில் ஐந்து பீப் காபி தயார் என்று பொருள்பட்டால், இன்னொன்றில் மூன்றே அதைச் சொல்லும். நேரம் பேசும் மொழி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கடைசிச் சொட்டு விழுந்ததை ஒட்டி வருவது வேலை முடிந்த அறிவிப்பு. அதிலிருந்து பல இயந்திரங்களில் சுமார் 2 மணி நேரம் கழித்து, வீட்டில் எல்லோரும் காபியை மறந்துவிட்ட வேளையில் வருவது, குடுவையின் அடியிலுள்ள சூட்டுத் தட்டு தானே அணைந்துகொண்டதற்கான அறிவிப்பு. தொடங்கிய கையோடு வந்தால் தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கிறது அல்லது மூடியோ குடுவையோ சரியாகப் பொருந்தவில்லை. துல்லியமான அட்டவணை வேண்டுமானால் இயந்திரத்தைக் கவிழ்த்து, அடிப்பாகத்து ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, உற்பத்தியாளரின் தளத்திலிருந்து கையேட்டை இறக்கிக்கொள்ளலாம். கவிழ்ப்பதற்கு முன் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது உத்தமம்.

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்த மூன்றிலும் அடங்காத ஒன்று. பாதித் தண்ணீர் தொட்டியிலேயே நிற்கும். குடுவையில் அரைப்பங்கு காபிதான் இறங்கியிருக்கும். இயந்திரமோ வேலை முடிந்ததற்கான பீப்பை முழு நிதானத்துடன் ஒலித்துவிட்டு ஓய்ந்துவிடும். மீண்டும் பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் தண்ணீரை ஏற்றிவிட்டு மறுபடியும் அதே அறிவிப்பு. இதைப் புரிந்துகொள்ள உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சாதாரணச் சொட்டு இயந்திரத்தில் தண்ணீரை மேலேற்ற மோட்டார் எதுவும் இல்லை. தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர், திரும்பிச் செல்ல விடாத ஒருவழி வால்வைக் கடந்து, சூட்டுத் தட்டுக்கு அடியில் வளைந்து கிடக்கும் அலுமினியக் குழாய்க்குள் நுழைகிறது; அதை ஒட்டியிருக்கும் சூடேற்றி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, எழும் ஆவிக் குமிழ்கள் வெந்நீரை மேலே தள்ளிக் காபித் தூளின்மீது ஊற்றுகின்றன. குழாயில் தண்ணீர் ஓடும்வரை உலோகத்தின் வெப்பம் கட்டுக்குள் இருக்கும். தண்ணீர் தீர்ந்ததும் வெப்பம் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தை உணர்ந்துதான் சென்சார் வேலை முடிந்தது என்று சிப்புக்குத் தெரிவிக்கிறது. அது தொட்டியைப் பார்ப்பதில்லை, குடுவையைப் பார்ப்பதில்லை. கூடையில் தூளே போடாமல் வெறும் தண்ணீரை ஓட்டினாலும் காபி தயார் என்று அதே உற்சாகத்தோடு அறிவிக்கும்.

குழாயின் உட்சுவரில் சுண்ணாம்புப் படிவு ஏறிவிட்டால் இந்தக் கணக்கு பிசகுகிறது. படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே தண்ணீர் இருக்கும்போதே உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகிறது, சென்சார் அதைத் தண்ணீர் தீர்ந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஒருவழி வால்வில் படிவுத் துணுக்கு சிக்கினால் வெந்நீர் பின்னோக்கித் தொட்டிக்கே திரும்பி, குமுறலும் ஆவியுமாகப் பெரும் ஆரவாரம் எழும். வழக்கத்தைவிடக் காபி இறங்க அதிக நேரமாகிறது, ஆவி அதிகமாகப் பறக்கிறது, ஒலி முன்கூட்டியே வருகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

எங்கள் ஊரில் இது விரைவாகவே நேர்கிறது. டொராண்டோவுக்கு ஒன்டாரியோ ஏரியின் தண்ணீர்; அதன் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புகளின் அளவு, லிட்டருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம். கிச்சனரை உள்ளடக்கிய வாட்டர்லூ வட்டாரமோ தன் தேவையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நிலத்தடிக் கிணறுகளிலிருந்தும் எஞ்சியதைக் கிராண்ட் ஆற்றிலிருந்தும் எடுக்கிறது. கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைகளினூடாக வருவதால், மிகக் கடினமான நீர் என்று சொல்லப்படும் 180 மில்லிகிராம் எல்லையைத் தாராளமாகத் தாண்டிவிடுகிறது. டொராண்டோவில் பல காலம் தொந்தரவில்லாமல் ஓடிய அதே இயந்திரம் இங்கே வந்த பின் தொல்லை கொடுக்கத் தொடங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. இங்கு பல வீடுகளின் அடித்தளத்தில் உப்புப் போட்டு இயங்கும் மென்னீர்க் கருவி இருக்கும். ஆனால் சமையலறையின் குளிர்நீர்க் குழாயை அதில் இணைக்காமல் விடுவது வழக்கம் என்பதால், காபிக்குப் பிடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் கடினமானதாகவே இருக்கிறது. அதற்காக வெந்நீர்க் குழாயிலிருந்து பிடிப்பது சரியான மாற்று ஆகாது. சூடேற்றித் தொட்டியில் தேங்கியிருந்து வரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை.

சுத்தம் செய்வது எளிது. தொட்டியில் பாதி வெள்ளை வினிகரும் பாதித் தண்ணீரும் நிரப்பி, பாதியளவு இறங்கியதும் நிறுத்தி, அரை மணி நேரம் ஊறவிட்டு மீதியை ஓட்ட வேண்டும். பிறகு வாடை போகும்வரை வெறும் தண்ணீரை ஓட்ட வேண்டும். வினிகர் நெடி பிடிக்காதவர்கள் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, வீடு முழுவதும் ஊறுகாய் ஜாடி திறந்ததுபோல் மணக்காது. ஒரு நுணுக்கம்: சுத்தம் செய் என்று விளக்கு எரியும் பல இயந்திரங்களில், சாதாரணப் பொத்தானை அழுத்தி வினிகரை ஓட்டினால் படிவு கரைந்துவிடும், விளக்கோ பீப்போ ஓயாது. அதற்கென்று உள்ள சுத்திகரிப்புப் பொத்தானை அழுத்தி அந்தச் சுற்றை முழுமையாக முடித்தால்தான் சிப் தன் நினைவை மாற்றிக்கொள்ளும்.

எச்சரிக்கை வர வேண்டிய இடத்தில் வராமல் இருப்பதும் உண்டு. நம்மவர்களுக்கு அது அதிகம் நேரும். ஊரிலிருந்து கொண்டுவரும் சிக்கரி கலந்த தூள், பித்தளை ஃபில்டரில் மெதுவாக இறங்குவதற்கென்று நைசாக அரைக்கப்பட்டது. அதைக் காகித வடிகட்டி வைத்த கூடையில் குவித்தால், மேலிருந்து வெந்நீர் விழும் வேகத்துக்கு அடியில் வடிவதில்லை. கூடை நிரம்பி, சக்கையும் தண்ணீருமாக மேசை முழுவதும் வழியும். வெப்பத்தை மட்டும் அறிந்த சென்சாருக்கு இது தெரிய வழியே இல்லை. தூளைக் குறைத்தால் வழியாது, ஆனால் கிடைப்பது டிக்காஷன் ஆகாது. பாலைச் சேர்த்தால் நிறம் மட்டுமே மிஞ்சும். நான் கண்ட வழி, இயந்திரத்தை வெறும் தண்ணீரோடு ஓட்டி, குடுவையில் சேரும் வெந்நீரை எடுத்து எவர்சில்வர் ஃபில்டரில் ஊற்றுவது. இதற்கு ஒரு கெட்டில் போதாதா என்று கேட்டால் போதும்தான். ஆனால் சாதாரணக் கெட்டிலில் காலை 6 மணிக்கு என்று முதல் நாள் இரவே நேரம் குறித்துவைக்க முடியாது.

அந்த நேரக் குறிப்பும் சில நாள் அழிந்துபோகும். எங்கள் சமையலறையில் ஒரு மின்சுற்றின் வரம்பு 15 ஆம்பியர், அதாவது 120 வோல்ட்டில் 1,800 வாட். 1,500 வாட் கெட்டிலும் 900 வாட் காபி இயந்திரமும் ஒரே சுற்றில் ஓடினால் பிரேக்கர் விழும். அதை ஏற்றியதும் இயந்திரம் ஒரு பீப் எழுப்பி, 12:00 என்று கண்சிமிட்டத் தொடங்கும். கனடாவின் பழைய சமையலறைகளில் ஒரே பிளக் பாயின்டின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வெவ்வேறு சுற்றுகளாக இருப்பது உண்டு என்பதால், சில வீடுகளில் ஒன்றை மேலும் மற்றொன்றைக் கீழும் செருகினாலே சிக்கல் தீர்ந்துவிடும்.

அம்மா கோடையில் வந்து தங்கியபோது இன்னொரு பக்கமும் தெரிந்தது. "அது எப்போ கூவிச்சு? எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றார். வயது ஏறும்போது கேட்கும் திறன் முதலில் குறைவது உயர் அலைவரிசைகளில்தான் என்பதால், இளையவர்களின் காதைக் குடையும் அதே ஒலி முதியவரைச் சென்றடைவதே இல்லை. மெல்லிய சுவருக்கு அப்பால் கைக்குழந்தை தூங்கும் பக்கத்து வீட்டாருக்கு அது நன்றாகவே கேட்கிறது. பல மாடல்களில் ஒரு பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பீப்பை முழுவதும் நிறுத்திவிடலாம். நாங்கள் நிறுத்திவிட்டோம், அம்மா விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

பொத்தானை அழுத்தியும் ஒலியோ விளக்கோ வரவில்லை என்றால், சுவரிலுள்ள பிளக் பாயின்டின் ரீசெட் பொத்தானை முதலில் அழுத்திப் பார்க்க வேண்டும். அதில் மின்சாரம் இருந்தும் இயந்திரம் அசையாவிட்டால், உள்ளே உள்ள வெப்ப ஃப்யூஸ் எரிந்திருக்கக்கூடும். அளவு மீறிச் சூடானால் ஒரே ஒரு முறை அறுந்து, வீடு தீப்பிடிக்காமல் காப்பதே அதன் வேலை. ஊர் எலக்ட்ரீஷியன் செய்வதுபோல் அதன் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அதை மட்டும் எவரும் செய்யக் கூடாது; உத்தரவாதக் காலம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் புதியதை வாங்கிவிடலாம்.