12400 வேண்டும், 12400எஃப் வேண்டாம்: எடிட்டிங் கம்ப்யூட்டருக்குப் பாகம் தேடிய அனுபவம்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் வேலை ஓய்ந்திருக்கும். ஆவணி பிறப்பதற்குள் கம்ப்யூட்டரை மாற்றிவிட வேண்டும் என்று 2023 ஆடியில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கையில் பட்டியல் இருந்தது: இன்டெல் ஐ5-12400 பிராசஸர், பி660 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்4 ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் பவர் சப்ளை. முதல் கடையிலேயே அதில் மூன்று இல்லை.

"12400 இல்ல தம்பி, 12400எஃப் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டாயிரம் ரூபா மிச்சம்" என்றார் கடைக்காரர். அடுத்த கடையில் ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸரை எடுத்து வைத்தார்கள். மூன்றுமே 6 கோர், 12 த்ரெட். கேம் ஆடுகிறவர்கள் எதை வாங்கினாலும் சரிதான். என் பாடு வேறு. என் கேமரா பதிவு செய்வது ஹெச்.265, 10 பிட், 4:2:2 என்ற, நிற விவரம் கூடுதலாக உள்ள வீடியோ வகை. அந்த வகை வீடியோவை ஆர்டிஎக்ஸ் 3060 ஹார்டுவேரில் டீகோட் செய்யாது, அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் வேலையைத் தானே செய்யாது. 12400-க்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், குவிக் சிங்க் என்ற இன்டெல் வசதி மூலம் அதைச் செய்துவிடும். எஃப் என்று முடிகிற பிராசஸரில் அந்த உள் கிராபிக்ஸ் கிடையாது, ரைசன் 5600-லும் கிடையாது. பழைய கம்ப்யூட்டரில் மூன்று வருடம் பட்ட அவதி எனக்குத்தான் தெரியும். கெட்டிமேளம் முழங்கி முடிந்திருக்கும், தாலி கட்டும் படம் நின்று நின்று வரும். அதனால் பிராசஸரில் மட்டும் மாற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன். சாயங்காலம் ஐந்தாவது கடையில் கிடைத்தது, சீல் பிரிக்காத பெட்டியில். பெட்டி இல்லாமல் டிரேயில் வரும் பிராசஸரை வாங்கினால் ஃபேன் தனியாக வாங்க வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவற்றில் விட்டுக்கொடுத்தேன். பி660-க்குப் பதிலாக ஹெச்610 காட்டினார்கள். அதில் ரேமுக்கு இரண்டே ஸ்லாட். இரண்டு 16 ஜிபி போட்டால் நிரம்பிவிடும், பிறகு கூட்ட நினைத்தால் இருப்பதைக் கழற்ற வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள பி760 எடுத்தேன். பிராசஸரைப் பொருத்தும் சாக்கெட் அதேதான், 12ஆம் தலைமுறையான 12400-உம் அதில் ஓடும். ஆனால் கடைப் பையன் முதலில் கொண்டு வந்தது டிடிஆர்5 போர்டு! பி760 இரண்டு வகையிலும் வருகிறது. டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையவே நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. பணம் கொடுக்கும் முன் பெட்டியைப் படித்ததால் தப்பித்தேன்.

பவர் சப்ளை 650 கிடைக்கவில்லை, பிரான்ஸ் (Bronze) தரச்சான்று உள்ள 550 வாட் வாங்கினேன். கார்டு 170 வாட், பிராசஸர் உச்சத்தில் 117 வாட். தாராளமாகப் போதும். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த பவர் சப்ளையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாம் பூட்டி விண்டோஸ் ஏற்றிய பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், ஆர்டிஎக்ஸ் மட்டும்தான் தெரிந்தது. நெஞ்சு ஒரு நிமிடம் அடைத்துவிட்டது. தனி கார்டு போட்டதும் சில போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடுகின்றன. பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) மல்டி மானிட்டர் என்ற அமைப்பை இயக்கிய பிறகு இரண்டும் வந்தன. அப்புறம் வைகாசியில் எடுத்த ஒரு கல்யாணத்தை பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் போட்டேன். கெட்டிமேளமும் தாலியும் ஒன்றாக வந்தன.