பேஜிங்கை இயக்கியதும் ரீபூட் ஆகிறதா? முதல் ஃபால்ட்டைப் பிடியுங்கள்

பேஜிங் என்பது நிரல் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரியை, பேஜ் டேபிள் வழியாக நிஜ நினைவகத்தின் இயற்பியல் முகவரியாக மாற்றும் முறை. அதை இயக்கும் வரியைத் தாண்டியதும் நீங்கள் எழுதும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு வார்த்தை சொல்லாமல் ரீபூட் ஆனால், அது பெரும்பாலும் டிரிபிள் ஃபால்ட், அதாவது அடுத்தடுத்து மூன்று பிழைகள். முதலில் ஒரு பேஜ் ஃபால்ட் (டேபிள் ஒரு முகவரியை அனுமதிக்காதபோது வரும் பிழை) எழுகிறது. அதைக் கையாள ஐடிடி (எந்த ஃபால்ட்டுக்கு எந்த ஹேண்ட்லர் என்று சொல்லும் பட்டியல்) இன்னும் அமைக்கப்படவில்லை, அல்லது ஐடிடி இருக்கும் பக்கமே மேப் ஆகவில்லை. அதனால் டபுள் ஃபால்ட். அதற்கும் ஹேண்ட்லர் கிடைக்காதபோது சிபியு நின்றுவிட, போர்டு அதை ரீசெட் செய்கிறது. இந்த மூன்றில் நமக்கு வேண்டியது முதல் ஃபால்ட் மட்டும்தான். கோடை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதை விட்டு, அந்த ஒன்றைப் பிடிப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். கீழே சொல்வது பெரும்பாலும் 64 பிட் எக்ஸ்86 பற்றியது.

கியூஎமு என்ற எமுலேட்டரில் கேவிஎம்மை (நிஜ சிபியுவிலேயே ஓட்டும் வசதி) அணைத்து, டிசிஜி முறையில், அதாவது மென்பொருளாலேயே சிபியுவைப் போலச் செய்யும் முறையில் ஓட்டுங்கள். கேவிஎம் இருந்தால் ஃபால்ட்டுகளை நிஜ சிபியுவே கையாளும், பதிவில் எதுவும் வராது. ‘-டி இன்ட்,சிபியு_ரீசெட்’ என்ற தேர்வு ஒவ்வொரு இடையீட்டையும் ஃபால்ட்டையும் ரெஜிஸ்டர்களோடு எழுதிவைக்கும். ‘-நோ-ரீபூட்’ சேர்த்தால் இயந்திரம் திரும்பத் திரும்பச் சுற்றாது. பதிவின் தொடக்கத்தில் பயாஸ் உண்டாக்கும் வரிகள் நிறைய இருக்கும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஐபி மதிப்பு உங்கள் கெர்னலுக்குள் இருக்கும்படி வரும் முதல் 14ஆம் எண் ஃபால்ட்டை, அதாவது பேஜ் ஃபால்ட்டைத் தேடுங்கள். பதிவில் எண்கள் பதினாறடிமானத்தில் இருப்பதை மறக்க வேண்டாம்.

அந்த ஒரு பதிவில் மூன்று விஷயங்கள் போதும்: ஆர்ஐபி (ஓடிய கட்டளையின் முகவரி), சிஆர்2 (தொட முயன்ற முகவரி), பிழைக்குறியீடு. குறியீட்டின் பிட் 0 அணைந்திருந்தால் (மதிப்பு 0), பேஜ் டேபிளில் ஏதோ ஒரு மட்டத்தில் அந்த முகவரிக்கான வரி, அதாவது டேபிள் பதிவே இல்லை. எரிந்திருந்தால் (மதிப்பு 1), பதிவு இருக்கிறது, ஆனால் அனுமதி மீறல் அல்லது தவறான பிட். பிட் 1 எழுத முயன்றதைக் காட்டும், பிட் 3 ஒதுக்கப்பட்ட பிட் எரிந்திருப்பதைக் காட்டும். பிட் 4 கட்டளையை எடுக்கும்போது நேர்ந்த ஃபால்ட்டுக்கானது. ஆனால் இஎஃப்இஆர் ரெஜிஸ்டரில் என்எக்ஸ்இ பிட்டோ, சிஆர்4 ரெஜிஸ்டரில் எஸ்எம்இபி பிட்டோ (எந்தப் பக்கத்தில் கட்டளை ஓடலாம் என்று கட்டுப்படுத்துபவை) இயங்காதவரை அது எரிவதே இல்லை. ஆகவே தொடக்கக் கட்டத்தில் அதை நம்பாமல், சிஆர்2வும் ஆர்ஐபியும் ஒன்றா என்று பாருங்கள்.

ஒன்றாக இருந்தால், சிபியுவால் அடுத்த கட்டளையையே எடுக்க முடியவில்லை. சிஆர்0வின் 31ஆம் பிட் (பேஜிங்கை இயக்குவது) எரிந்த நொடியிலிருந்து எல்லா முகவரியும் டேபிள் வழியாகத்தான் போகும், ஆனால் ஆர்ஐபி இன்னும் பழைய தாழ்ந்த முகவரியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு ஐடென்டிட்டி மேப்பிங் (மெய்நிகர் முகவரியும் இயற்பியல் முகவரியும் ஒன்றாக இருப்பது) இல்லையென்றால் அங்கேயே விழும். சிஆர்2 ஆர்எஸ்பிக்கு (ஸ்டாக் பாயிண்டர்) சற்றுக் கீழே இருந்தால் ஸ்டாக் மேப் ஆகவில்லை. வந்தது 14 இல்லை, 13 என்றால் சிஆர்2வைப் பார்க்கவே வேண்டாம். கனானிக்கல் அல்லாத, அதாவது மேல் பிட்டுகள் விதிப்படி அமையாத முகவரியைத் தொட்டால் ஜெனரல் ப்ரொடெக்‌ஷன்தான் எழும், சிஆர்2வில் முந்தைய ஃபால்ட்டின் பழைய மதிப்பே கிடக்கும்.

பிட் 3 எரிந்திருந்தால் சந்தேகப் பட்டியல் குறுகிவிடும். என்எக்ஸ்இயை இயக்காமலே டேபிள் பதிவில் 63ஆம் பிட்டை (கட்டளை ஓட்டத் தடை) போட்டிருக்கலாம். 2 எம்பி பக்கத்துக்கு 2 எம்பி எல்லையில் நிற்காத இயற்பியல் முகவரியைக் கொடுத்திருக்கலாம், அப்போது 13 முதல் 20 வரையிலான பிட்டுகள் சுத்தமாக இருக்காது. 1 எம்பியில் லோட் ஆகும் கெர்னலை 2 எம்பி பக்கங்களால் மேப் செய்பவர்கள் அடிக்கடி மாட்டுவது இங்கேதான். 1 ஜிபி பக்கத்தை ஆதரிக்காத சிபியுவில் அதைப் பயன்படுத்தினாலும் இதே விளைவு.

அடுத்து டேபிளைக் கையால் நடந்து பார்க்க வேண்டும். கியூஎமு மானிட்டரில் ‘இன்ஃபோ மெம்’, ‘இன்ஃபோ டிஎல்பி’ இரண்டும் மொத்தப் படத்தைத் தரும். ஆனால் டேபிளே குப்பையாக இருக்கும்போது ‘எக்ஸ்பி’ கட்டளைதான் கைகொடுக்கும், அது இயற்பியல் நினைவகத்தை நேரடியாகப் படிக்கும். முகவரியை 39, 30, 21, 12 பிட்டுகள் வலப்பக்கம் நகர்த்தி, ஒவ்வொன்றிலும் கடைசி 9 பிட்டுகளை எடுத்தால் நான்கு மட்டங்களின் வரிசை எண்கள் கிடைக்கும். ஒவ்வொரு பதிவும் 8 பைட், ஒரு டேபிளில் 512 பதிவுகள். முகவரி வெளியின் உச்சியிலிருந்து 2 ஜிபி கீழே லிங்க் செய்த கெர்னலின் தொடக்கம் 511, 510, 0, 0 என்று வரவேண்டும். சிஆர்3யிலிருந்து (மேல்மட்ட டேபிளின் முகவரி இருக்கும் ரெஜிஸ்டர்) இந்த வழியில் இறங்குங்கள். எந்த மட்டத்தில் பிட் 0 அணைந்திருக்கிறதோ அங்கேதான் பிழை.

அப்படி இறங்கும்போது மிக அதிகமாகக் கண்ணில் படுவது, இயற்பியல் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் மெய்நிகர் முகவரி. லிங்கர் கொடுக்கும் சிம்பல் மதிப்பு மெய்நிகர் முகவரி. சிஆர்3க்கும் டேபிள் பதிவுகளுக்கும் வேண்டியது அதிலிருந்து கெர்னலின் மெய்நிகர் அடித்தள முகவரியைக் கழித்த இயற்பியல் முகவரி. சி மொழியில் இரண்டுக்கும் ஒரே முழு எண் வகையைப் பயன்படுத்தினால் கம்பைலர் வாயே திறக்காது. இரண்டையும் தனித்தனி ஸ்ட்ரக்ட் ஆக்கிவிடுவது முதல் நாளே செய்ய வேண்டிய வேலை என்பது என் உறுதியான கருத்து.

கியூஎமுவில் ஓடி, நிஜ இயந்திரத்தில் விழுந்தால், பிஎஸ்எஸ்ஸை (பூஜ்யமாகத் தொடங்க வேண்டிய மாறிகளின் பகுதி) பாருங்கள். கியூஎமு நினைவகத்தைப் பூஜ்யமாகவே கொடுக்கிறது, நிஜ ராமில் பழைய குப்பை இருக்கும். டேபிள்களைப் பூஜ்யமாக்கும் முன்பே நிரப்பினால், நீங்கள் எழுதாத பதிவுகளும் உயிரோடிருப்பது போலத் தோன்றும்.

ஐடென்டிட்டி மேப்பிங்கை நீக்கும் இடம் அடுத்த கண்ணி. நீக்கியதும் எதுவும் நடக்காது, வெகுநேரம் கழித்து விழும். ஜிடிடிஆர் (செக்மென்ட் டேபிளின் முகவரி இருக்கும் ரெஜிஸ்டர்) இன்னும் தாழ்ந்த முகவரியைக் காட்டினாலும், செக்மென்ட் விவரங்கள் சிபியுவுக்குள் சேமிக்கப்பட்டிருப்பதால் ஓட்டம் தொடரும். முதல் இடையீடு வந்து சிஎஸ் (கோட் செக்மென்ட் ரெஜிஸ்டர்) மறுபடி லோட் ஆகும்போதுதான் சரியும். ஆகவே நீக்கும் முன் ஆர்எஸ்பி, ஜிடிடிஆர், ஐடிடிஆர் (ஐடிடியின் முகவரி), டிஎஸ்எஸ்ஸின் (இடையீட்டின்போது மாறும் ஸ்டாக்குகளின் விவரம்) அடித்தளம், பூட்லோடர் கொடுத்த தகவல் பாயிண்டர், ஃப்ரேம்பஃபர் முகவரி எல்லாவற்றையும் முகவரி வெளியின் உயர்ந்த பாதிக்கு மாற்றுங்கள். நீக்கிய பின் சிஆர்3யை மறுபடி எழுதினாலும் குளோபல் பிட் போட்ட பதிவுகள் டிஎல்பியில் (முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் சிபியு சேமிப்பு) தங்கிவிடும். மற்ற கோர்களை எழுப்பும் டிராம்போலின் பக்கத்துக்கு மட்டும் ஐடென்டிட்டி மேப்பிங் பிறகும் தேவைப்படும்.

ஜிடிபி டீபகரில் கெர்னலின் உயர்ந்த முகவரியில் சாதாரண பிரேக்பாயிண்ட் வைத்தால், அந்தப் பக்கம் இன்னும் மேப் ஆகாததால் தோற்கலாம். ஹார்டுவேர் பிரேக்பாயிண்ட் வையுங்கள், அதாவது ‘எச்பிரேக்’. டீபகர் இல்லாத இடத்தில் சீரியல் போர்ட் போதும். எக்ஸ்86இல் 1016ஆம் எண் போர்ட்டுக்குப் போகும் அவுட் கட்டளையைப் பேஜ் டேபிள் தொடுவதே இல்லை. ஒவ்வொரு படிக்குப் பின்னும் ஓர் எழுத்தை அனுப்பினால், கடைசியாக வந்த எழுத்து இடத்தைச் சொல்லிவிடும்.

மேப்பிங் எல்லாம் சரி, ஆனால் சற்று நேரத்தில் டேபிள்கள் தாமாக மாறுகின்றன என்றால், குற்றவாளி பக்க அலகேட்டராக (காலிப் பக்கங்களைப் பங்கிடும் கோடு) இருக்கும். மல்டிபூட் முறையில் பூட்லோடர் தரும் நினைவகப் பட்டியலில் கெர்னல் உட்கார்ந்திருக்கும் பகுதியும் காலியிடமாகவே வரும், அதை நீங்கள்தான் கழிக்க வேண்டும். யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரில் அந்தப் பட்டியலை வரி வரியாகப் படிக்கும்போது ஸ்ட்ரக்டின் அளவால் தாண்டக் கூடாது, ஃபர்ம்வேர் திருப்பித் தரும் டிஸ்கிரிப்டர் அளவால் தாண்ட வேண்டும். ஸ்ட்ரக்ட் 40 பைட்டாக இருக்க, ஓவிஎம்எஃப் (கியூஎமுவில் ஓடும் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர்) 48 என்று சொல்லும். இதைத் தவறவிட்டால் இரண்டாவது வரியிலிருந்தே எல்லாம் உளறல்.

64 பிட் ஆர்மில் சிஆர்2வின் வேலையை எஃப்ஏஆர் ரெஜிஸ்டர், பிழைக்குறியீட்டின் வேலையை இஎஸ்ஆர் ரெஜிஸ்டர் செய்கின்றன. டேபிள் பதிவின் 10ஆம் பிட்டான அக்செஸ் ஃபிளாக் போடாவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஃபால்ட் வரும். சீரியல் போர்ட் அங்கே நினைவக முகவரியில் இருப்பதால், அதை டிவைஸ் வகையாக மேப் செய்யாமல் எம்எம்யுவை (முகவரியை மாற்றும் வன்பொருள்) இயக்கினால் அச்சிடும் கோடே முதலில் விழும். ரிஸ்க்-வியில் ஏ, டி பிட்டுகளை (பக்கம் தொடப்பட்டது, எழுதப்பட்டது என்ற குறிகள்) தானே எழுதாத சிபியுக்கள் உண்டு, அவற்றில் இரண்டையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அங்கே லினக்ஸ் கையாளும் ஓர் உத்தி கற்கத் தக்கது: எஸ்டிவெக்கில் (ஃபால்ட் ஹேண்ட்லரின் முகவரி இருக்கும் ரெஜிஸ்டர்) அடுத்த கட்டளையின் மெய்நிகர் முகவரியை எழுதிவிட்டு சாட்ப்பை (பேஜ் டேபிளைக் காட்டும் ரெஜிஸ்டர்) மாற்றுகிறது. எழும் ஃபால்ட்டே கெர்னலை உயர்ந்த முகவரிக்குத் தூக்கிச் செல்கிறது, அதனால் அந்தத் தாவலுக்கு ஐடென்டிட்டி மேப்பிங் வேண்டியதில்லை.