எம்ஜிபியின் முன்சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்தது: காரணத்தைத் தேடிய அனுபவம்

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1972இல் தயாரான என் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், சென்ற மாதம் பத்து மைல் ஓடியதும் இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. நிறுத்தி இறங்கியபோது இட முன்சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. வலச் சக்கரத்தில் கை வைக்க முடிந்தது, இடச் சக்கரத்தை நெருங்கினாலே அனல் அடித்தது. நன்றாக ஆறவிட்டு, மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

பெடலை அழுத்தும்போது பிரேக் ஆயிலைக் குழாய்களில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடுமாறு ஒரு பணிமனையில் சொன்னார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. என் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் ஆயில் சுற்றுதான் என்பதால், மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தை விடாமல் வைத்திருந்தால் எல்லாச் சக்கரங்களும் பிடித்திருக்க வேண்டும். சக்கரத்தோடு சுழலும் வட்டத்தட்டைப் பேடுகளால் (உராய்வுக் கட்டைகளால்) இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரில், அந்தப் பேடுகளைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்பதே என் சந்தேகமாக இருந்தது.

முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை ஒருமுறை அழுத்திவிட்டேன். இடச் சக்கரம் இரு கைகளால் தள்ளியும் அசையவில்லை. காலிப்பரில் ஏர் எடுக்கும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) திருகைக் கால் திருப்பம் தளர்த்தியதும் ஆயில் சீறி வந்தது; சக்கரம் உடனே சுழன்றது. பிஸ்டன் இறுகியிருந்தால் ஆயிலை வெளியேற்றியும் பிடி விட்டிருக்காது. ஆக, என் சந்தேகம் தவறு. திருகை மூடி, மறுபடி பெடலை அழுத்தி, இம்முறை இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் மேல் இணைப்பைத் தளர்த்தினேன். சில துளிகள் கசிந்தன, சக்கரம் மட்டும் விடவில்லை. அழுத்தம் அந்த ஒரு முழ ஹோஸுக்குக் கீழேதான் சிக்கியிருந்தது.

கழற்றிய ஹோஸின் வெளிப்புறத்தில் ஒரு வெடிப்புகூட இல்லை. பிளேடால் நெடுக வெட்டிப் பார்த்தபோது, உட்சுவர் ரப்பர் உப்பி, குண்டூசி நுழையும் அளவுக்கே வழி மிஞ்சியிருந்தது. கால் அழுத்தும் விசை அந்த வழியிலும் ஆயிலைத் தள்ளிவிடும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதற்கோ தனி ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அழுத்தத்தில் சற்று வளைந்த ரப்பர் சீல் பழைய நிலைக்குத் திரும்பும்போது மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு பின்வாங்குவதுதான் எல்லாம். அந்த மெல்லிய விசைக்கு அடைபட்ட வழி போதவில்லை.

இரு பக்க ஹோஸ்களையும், கருகிப் பளபளத்த பேடுகளையும் ஜோடியாக மாற்றினேன். முறுக்கு விழாதபடி ஹோஸைப் பொருத்துவதற்கே அரை மணி நேரம் ஆனது. டாட் 4 வகை பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும் என்பதால் பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, புது ஆயில் ஊற்றி ஏர் எடுத்தேன். நேற்று பன்னிரண்டு மைல் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தபோது இரு சக்கரங்களிலும் ஒரே இளஞ்சூடு. பின் அச்சுக்குப் போகும் ஹோஸும் பழையதே. அதற்கு அடுத்த வாரம் நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.